அருகன் அருகே வந்த இதழாசிரியர்
தமிழ்த்தென்றல் திரு.வி.க. வாழ்வும் பணியும்

1951ஆம் ஆண்டில் ‘அருகன் அருகே அல்லது விடுதலை வழி’ என்னும் செய்யுள் நூல் ஒன்று வெளிவந்தது. அதனை இயற்றியவர் சமணக் குடியிற் பிறந்தவர் அல்லர். சைவ மரபில் வளர்ந்து, சேக்கிழாரின் பெரியபுராணத்துக்குக் குறிப்புரை கண்டவர். அந்நாளில் அவருக்கு அகவை அறுபத்தெட்டு. கண்ணொளி குன்றியிருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் மேடையிலும் இதழிலும் உழைத்து முடித்திருந்தார். வாழ்வின் மாலைப் பொழுதில் அப்பெரியார் அருகப் பெருமானின் திருவடி நிழலை நாடிப் பாடியது தற்செயலாக நேர்ந்ததன்று. சமய வாதங்களிடையே இளமையைக் கழித்த ஒருவர், தம் எழுதுகோலைத் தாமே படிப்படியாகப் பண்படுத்திக்கொண்டு வந்து சேர்ந்த இடம் அது. அவரே திருவாரூர் விருத்தாசலக் கலியாணசுந்தரனார் என்னும் திரு.வி.க.

பிறப்பும் இளமையும்

செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் திரு.வி.க. பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், தாயார் சின்னம்மையார். முன்னோர் வாழ்ந்த திருவாரூரும் தந்தையின் பெயரும் அவர் பெயரின் முன்னெழுத்துகளாக நின்று, பின்னாளில் அவற்றாலேயே தமிழுலகம் அவரை அறிந்தது. தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே பெற்ற பின்னர்ச் சென்னை இராயப்பேட்டைக்கு வந்து பள்ளியிற் சேர்ந்தார்.

இளமையிலேயே பெரியதொரு இடர் வந்து சேர்ந்தது. நோயினால் கைகால்கள் முடங்கின. பள்ளிப் படிப்பும் சில ஆண்டுகள் நின்றது. அயோத்திதாசப் பண்டிதரின் சித்த மருத்துவத்தால் அவர் மீண்டும் நடமாடும் நிலை பெற்றார். பண்டிதரோ பௌத்த நெறியை மீட்டெழுப்பப் பாடுபட்டவர்; சாதி வேற்றுமையை வேரறுக்க ‘தமிழன்’ இதழை நடத்தியவர். பிற சமயத்தார் ஒருவரின் கருணையால் எழுந்து நின்ற அச்சைவச் சிறுவன், பின்னாளில் எல்லாச் சமயங்களுக்கும் நண்பனாக வளர்ந்தான்.

நலம் பெற்ற பின் வெஸ்லி பள்ளியில் கல்வியைத் தொடர்ந்தபோது, அங்குத் தமிழாசிரியராக இருந்தவர் யாழ்ப்பாணத்துப் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை. தமிழ்ப் பேரகராதி தொகுத்தவர், நாவன்மை மிக்கவர், சைவத்துக்காக வாதப்போர் புரிவதில் இணையற்றவர். அவரிடம் தமிழ் கற்ற திரு.வி.க. தம்மை முழுமையாக அவருக்கே ஒப்படைத்தார். இராமலிங்க அடிகளாரின் பாடல்களை அருட்பா எனலாமா என்பது பற்றி அக்காலத்தில் எழுந்த பூசல் நீதிமன்றம் வரை சென்றது. அடிகளாரின் பாடல்களை மறுத்த அணியில் முன்னின்றவர் கதிரைவேற்பிள்ளை. ஆசிரியருக்காகச் சான்று கூற நீதிமன்றம் சென்றமையால், மாணவர் பள்ளியிறுதித் தேர்வை எழுத இயலாமற்போயிற்று. அத்துடன் பள்ளிக்கல்வி முடிந்தது. பட்டங்கள் எதுவும் பெறாமலே அவர் வாழ்வைத் தொடங்க நேர்ந்தது.

1907இல் கதிரைவேற்பிள்ளை மறைந்தார். மாணவர் மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழையும் சைவ சாத்திரங்களையும் தொடர்ந்து கற்றார். பௌத்த சங்கக் கூட்டங்களுக்கு எதிர்வாதம் புரியும் நோக்குடன் சென்றவர், அங்கே சிங்காரவேலர் உயிர்களின் படிமுறை வளர்ச்சி பற்றி ஆற்றிய உரையால் ஈர்க்கப்பட்டுச் செவிமடுக்கும் மாணவராக மாறினார். வெல்வதற்காகப் பேசுவதினும் அறிவதற்காகக் கேட்பது மேலானது என்னும் பாடம் அவர் உள்ளத்தில் அன்று வேர்கொள்ளத் தொடங்கியது.

ஆசிரியப் பணியிலிருந்து இதழ்ப் பணிக்கு

சிறிது காலம் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். விபின் சந்திர பாலர் 1907இல் சென்னைக் கடற்கரையில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இளைஞர் பலரையும் போலவே அவரையும் நாட்டுத் தொண்டின்பால் ஈர்த்திருந்தன. கணக்கர் பணி நீடிக்கவில்லை. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். பின்னர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக உயர்ந்தார். கிறித்தவ நிறுவனத்தில் பணிபுரிந்த அந்த ஆண்டுகள் அவருக்கு விவிலியத்தை நெருக்கமாக்கின. 1912இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரு குழந்தைகள் பிறந்து, இரண்டும் மழலைப் பருவத்திலேயே மறைந்தன.

1917ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ‘தேசபக்தன்’ நாளிதழ் சென்னையில் தோன்றியது. அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்பதற்காகத் திரு.வி.க. நிலையான ஆசிரியப் பணியைத் துறந்தார். நல்ல வருவாயையும் மதிப்பையும் விட்டு வந்த இடம் எத்தகையது என்பதை இன்று உணர்வது கடினம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்தின்படி புதிதாகத் தொடங்கும் அச்சகத்திடம் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கேட்க அரசுக்கு அதிகாரம் உண்டு. எழுத்தில் குற்றம் கண்டால் அத்தொகை பறிபோகும்; மீண்டும் அச்சகம் திறக்க வேண்டின் 10,000 ரூபாய் வரை கட்ட நேரும். இதழாசிரியரின் ஒரு சொல் அச்சகத்தையே மூடிவிடக்கூடிய காலம் அது. திரு.வி.க.வுக்குப் பின் தேசபக்தனின் ஆசிரியரான வ.வே.சு. ஐயர், அதில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காகச் சிறை செல்ல நேர்ந்தது என்பது அந்த இடர் வெறும் அச்சமன்று என்பதைக் காட்டும்.

தேசபக்தனின் பெரும்பணி மொழியைப் பற்றியது. சுதேசமித்திரன் 1899 முதலே நாளிதழாக வந்துகொண்டிருந்தது. பாரதியார் அதிலும் ‘இந்தியா’ வார இதழிலும் புதுநெறி காட்டியிருந்தார். ஆயினும் அரசியல் பேசுவோர் பெரும்பாலும் ஆங்கிலத்தையே நாடினர். செய்தித்தாள் தமிழிலோ வடசொல்லும் ஆங்கிலச் சொல்லும் மண்டிக் கிடந்தன. எழுத்தறிவு குறைந்த உழைப்பாளியும் கேட்டவுடன் பொருள் கொள்ளும்படி, அதே வேளையில் இலக்கியச் சுவை குன்றாதபடி அரசியலை எழுத இயலும் எனத் திரு.வி.க. நாள்தோறும் காட்டினார். நீண்ட வாக்கியங்களைச் சிறு வாக்கியங்களாக உடைத்தார். வினா எழுப்பி விடை கூறும் முறையைக் கையாண்டார். சங்கச் சான்றோரும் திருமுறையும் வழங்கிய சொற்களுக்கு நாட்டு நடப்பில் புதிய வேலை கொடுத்தார். அவர் நடையில் இருந்த இனிமையும் ஓட்டமும் கண்டே தமிழுலகம் அவரைத் தமிழ்த்தென்றல் என்று அழைத்தது. அவர் அமைத்துத் தந்த அப்பாதையிற்றான் பிற்காலத் தமிழ் இதழ்கள் பலவும் நடந்தன.

உழைப்பாளர் பக்கம்

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது. பெரம்பூர்ப் பகுதியிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்க்காகச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் எடுத்த முயற்சிக்கு பி.பி. வாடியா தலைமை தாங்க, திரு.வி.க. தோள் கொடுத்தார். பகலெல்லாம் இதழ்ப் பணி, மாலையில் தொழிலாளர் கூட்டம் என அவர் நாட்கள் கழிந்தன. அதே 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் கமலாம்பிகை அம்மையார் எலும்புருக்கி நோயால் மறைந்தார். மணவாழ்வு ஆறே ஆண்டுகளில் முடிந்தது. திரு.வி.க.வுக்கு அப்போது அகவை முப்பத்தைந்து. மறுமணத்தை அவர் எண்ணவில்லை. துணைவியாரின் நினைவு அவர் உள்ளத்தில் பெண்மையின்பால் பெருமதிப்பாகக் கனிந்தது. 1927இல் வெளிவந்த ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ அக்கனிவின் பயன்.

அந்நாளில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆலை நிருவாகம் வாடியா உள்ளிட்ட தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் தடையாணையும் பெருந்தொகை இழப்பீட்டுத் தீர்ப்பும் பெற்றது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட அவ்வழக்கு ஒரு காரணமாயிற்று. 1921இல் நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தம் இன்னும் கடுமையானது. தொழிலாளர் இரு கூறாகப் பிரிந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஆளுநர் வில்லிங்டன் பிரபு தலைவர்களை அழைத்து எச்சரித்தார், திரு.வி.க. நாடுகடத்தப்படக்கூடும் என்னும் நிலை உருவாயிற்று. அரசியலில் அவருக்கு எதிரணியில் நின்ற நீதிக்கட்சியின் தலைவர் தியாகராயச் செட்டியாரே அதனைத் தடுக்க முன்வந்தார். வேலைநிறுத்தம் வெற்றி பெறவில்லை. ஆனால் தாம் கொண்ட பகையிலா நெறியைத் திரு.வி.க. கைவிடவில்லை. முதலாளியைப் பகைக்கச் சொல்லாமலே தொழிலாளியின் உரிமையைக் கேட்க முடியும் என்னும் உறுதி அவருக்கு இருந்தது.

நவசக்தி

இரண்டரை ஆண்டு உழைப்புக்குப் பின் 1920இல் தேசபக்தனிலிருந்து விலகிய திரு.வி.க., அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ‘நவசக்தி’ வார இதழைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் அவர் நிறுவிய அச்சகத்துக்குச் ‘சாது அச்சுக்கூடம்’ என்று பெயர். பெயரே அவர் குறிக்கோளை உணர்த்தும். நவசக்தியில் அரசியல் இருந்தது. அதனுடன் இலக்கியம், சமயம், பெண்கள் முன்னேற்றம், தொழிலாளர் நலன் ஆகியனவும் சரிநிகராக இடம்பெற்றன. வாழ்க்கையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுவதை அவர் விரும்பவில்லை.

நவசக்தி ஒரு பயிற்சிக்கூடமாகவும் விளங்கியது. 1923இல் துணையாசிரியராக வந்து சேர்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இளைஞர் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அங்குப் பணியாற்றினார். பின்னாளில் ஆனந்த விகடனிலும் தம் ‘கல்கி’ இதழிலும் பல்லாயிரம் வாசகரைக் கவர்ந்த கல்கி அவர்களே அவர். எளிமையாக எழுதுதல் இழிவன்று என்னும் துணிவை அவர் பெற்ற களங்களுள் நவசக்தி முதன்மையானது.

வைக்கத்தில் தீண்டாமையை எதிர்த்து 1924இல் நிகழ்ந்த அறப்போரில் பங்கேற்றுச் சிறை சென்ற ஈ.வெ. இராமசாமியாரை ‘வைக்கம் வீரர்’ என நவசக்தியிற் பாராட்டியவர் திரு.வி.க. அடுத்த ஆண்டே இருவரிடையும் அரசியற் பிரிவு நேர்ந்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரசு மாகாண மாநாட்டுக்குத் திரு.வி.க. தலைவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டிப் பெரியார் கொணர்ந்த தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரசையும் துறந்தார். தமிழக அரசியலின் போக்கை மாற்றிய அம்முடிவு சரியானதா என்று வினவுவோர் இன்றும் உளர். திரு.வி.க.வும் அடுத்த சில ஆண்டுகளிற் கட்சி அரசியலிலிருந்து ஒதுங்கினார். ‘குடி அரசு’ம் ‘நவசக்தி’யும் கருத்துப்போர் நடத்தின. ஆயினும் இருவர் நட்பும் முறியவில்லை. கருத்தை மறுக்கலாம், கருத்துடையாரை வெறுக்கலாகாது என்னும் வரையறையை அவர் தம் எழுத்துக்கு வகுத்துக்கொண்டிருந்தார். வாக்கினாலும் பிறர்க்கு ஊறு செய்யாமை நோன்பென்றால், இதழ்ப் பணியில் அந்நோன்பைக் காப்பது எத்துணை அரிது! வசை எழுதினால் இதழ் விற்கும். நயம் எழுதினால் பலநேரம் விற்பதில்லை. பெரும் பொருள் ஈட்டித் தராத நவசக்தியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அந்நெறியிலேயே நடத்தினார்.

பிழையை உணர்ந்து திருத்திக்கொள்வதிலும் அவர் ஆசிரியராகவே விளங்கினார். எந்த அடிகளாரின் பாடல்களை மறுத்த அணிக்காக இளமையிலே தம் தேர்வையே இழந்தாரோ, அதே அடிகளாரின் உள்ளத்தை விளக்கி 1929இல் ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்னும் நூலை இயற்றினார். 1933இல் ‘சமரச சன்மார்க்க போதமும் திறவும்’ வந்தது. தம் ஆசிரியர் கதிரைவேற்பிள்ளையின்பால் கொண்ட நன்றி அதனால் சிறிதும் குறைந்திலது. குருபக்தி வேறு, உண்மை நாட்டம் வேறு என்று பிரித்து, இரண்டையும் ஒருங்கே காத்தமை அவரது தனிச்சிறப்பு.

திருப்பத்தூர்த் தமிழ் மாணவர்

திரு.வி.க.வின் எழுத்தாலும் வாழ்வாலும் ஈர்க்கப்பட்டோர் தமிழகமெங்கும் இருந்தனர். அவருள் தலையாய ஒருவரை அளித்த பெருமை ஜோலார்பேட்டையை அடுத்த திருப்பத்தூருக்கு உண்டு. திருப்பத்தூரில் முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதல்வராகத் தேறித் திருப்பனந்தாள் மடத்தின் 1,000 ரூபாய்ப் பரிசைப் பெற்று, அவ்வூர் நகராட்சிப் பள்ளியிலேயே தமிழாசிரியராக விளங்கிய மு. வரதராசனாரே அவர். 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்ற பின் திரு.வி.க.வுக்கு நெருக்கமான அன்பரானார். காந்தியடிகள், தாகூர், பெர்னாட்சா ஆகியோர் வரலாறுகளை எழுதிய மு.வ., அவ்வரிசையிலேயே திரு.வி.க.வின் வரலாற்றையும் எழுதினார். மு.வ.வின் அளந்த சிறு வாக்கியங்களைப் பயில்வோர்க்கு அவற்றின் ஊற்று எங்குள்ளது என்பது விளங்கும். இருப்புப்பாதைச் சந்திப்பாகிய ஜோலார்பேட்டையிலும், தோல் பதனிடும் தொழில் நடைபெறும் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலும் இன்று உழைப்போர் பெறும் சங்க உரிமைக்கும் அன்றைய பெரம்பூர் முயற்சியே முன்னோடி.

துறவாத துறவு

திரு.வி.க. காவி உடுத்தவர் அல்லர். ஆயினும் மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தில் இருந்தே காத்தார். கதராடை, எளிய உணவு, வாடகை வீடு ஆகியவற்றோடு அவர் வாழ்வு அமைந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களின் ஆசிரியராகவும், பல்லாயிரம் தொழிலாளரின் தலைவராகவும் விளங்கியவருக்குச் சொந்தமாக வீடு இல்லை. 1944இல் வெளிவந்த ‘திரு.வி.க. வாழ்க்கைக் குறிப்புக்கள்’ தம்மைப் பற்றிய நூலாயினும், அதில் அவர் காலத்துத் தமிழ்நாடே நிரம்பியிருக்கின்றது. தம்மோடு பழகிய எளிய மனிதர்க்கும் அந்நூலில் இடம் உண்டு.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் அவருக்கு விந்தையான ஒரு சோதனை நேர்ந்தது. ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர் தம் இல்லத்திலேயே காவலில் வைக்கப்பட்டார். எந்தக் கட்சியின் வளர்ச்சிக்காக இளமையை ஈந்தாரோ அந்தக் கட்சியின் ஆட்சியே அவ்வாணையைப் பிறப்பித்தது. அறுபத்து நான்கு அகவையில், உடல் நலிந்திருந்த நிலையில், வெள்ளையர் ஆட்சி செய்யாது விட்டதைத் தம்மவர் ஆட்சி செய்தது. அப்போதும் அவர் நெஞ்சிற் பகை குடிபுகவில்லை.

கண்ணொளி மங்கிய பின்னும் எழுத்துப்பணி நிற்கவில்லை. பிறர் உதவியோடு நூல்கள் தொடர்ந்தன. 1950இல் ‘இருளில் ஒளி’. 1951இல் ‘பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும்’, ‘முதுமை உளறல்’. 1953இல் ‘வளர்ச்சியும் வாழ்வும் அல்லது படுக்கைப் பிதற்றல்’. முருகன் அருள், திருமால் அருள், கிறிஸ்துவின் அருள், சிவன் அருள் என ஒவ்வொன்றையும் வேட்டுப் பாடிய அவர் அருகப் பெருமானையும் பாடிய ‘அருகன் அருகே’ அவ்வரிசையிலேயே அமைந்தது. அவர் உரை கண்ட பெரியபுராணத்திலோ சமணர் எதிர்த்தரப்பினர். அந்நூலைத் தம் தோளிற் சுமந்து வளர்ந்தவர், எதிர்த்தரப்பு எனக் கற்பிக்கப்பட்ட நெறியின் அருகே சென்று, அங்கேயும் விடுதலை வழி உண்டெனக் கண்டு அதனையே நூலின் பெயராக்கினார். தமிழ்ச் சமணர்க்கு இதனினும் இனிய தோழமை வேறு எது?

அவர் நூற்பெயர்கள் பலவற்றில் ‘அல்லது’ என்னும் ஒரு சொல் அமைந்திருப்பதைக் காணலாம். முருகன் அல்லது அழகு. பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை. சீர்திருத்தம் அல்லது இளமை விருந்து. ஒரு பொருளை ஒரு பெயரால் மட்டும் முடித்துவிடாமல், வேறொரு பக்கத்திலிருந்தும் நோக்கலாம் என்று கதவைத் திறந்து வைக்கும் சொல் அது. உண்மைக்குப் பல முகங்கள் உண்டு, ஒரு முகத்தை மட்டும் கண்டு அதுவே முழுமை எனச் சாதித்தல் ஆகாது என்பது அநேகாந்தத்தின் உட்பொருள். திரு.வி.க. அத்தத்துவத்தை ஏட்டிற் கற்றுப் பின்பற்றினார் என்று கூற வேண்டியதில்லை. வாழ்ந்து கண்டடைந்தார் எனல் பொருந்தும். நீதிமன்றத்தில் ஒரு பக்கத்துச் சான்றாக நின்ற இளைஞர், எல்லாப் பக்கங்களையும் கேட்டு எழுதும் ஆசிரியராக முதிர்ந்தார்.

1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், எழுபது அகவை நிறைந்த சில நாட்களில், திரு.வி.க. இயற்கை எய்தினார். அவர் விட்டுச் சென்ற சொத்து அவர் நூல்களே. அவை இன்று நாட்டுடைமையாகி யாவர்க்கும் கிடைக்கின்றன. சொல்லால் பிறரைப் புண்படுத்துதல் எளிதாகிவிட்ட இக்காலத்தில், நம் இல்லங்களில் இளையோர் கையிற் கொடுப்பதற்கு ஏற்ற செல்வங்கள் அவை. ‘அருகன் அருகே’ நூலையே முதலிற் கொடுக்கலாம். பிறர் சமயத்தின் அருகே ஒருவர் எத்துணை அன்போடு சென்று அமரலாம் என்பதை அவர்கள் அதில் அறிந்துகொள்வர்.